ஐ.பி.எல். இந்திய அணிக்கு உரமா, களையா: ஒரு நோட்டை வைத்துக் கணக்குப் பார்க்கும் முறை

2024 ஜூன் 29 அன்று பார்படோஸில் இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்றது. மறுநாள் காலை கும்பகோணத்தில் நாங்கள் வழக்கமாகக் கூடும் டீக்கடையில், என்னோடு பல ஆண்டுகளாகக் கிரிக்கெட் பேசி வரும் மாமா ஒருவர், "எல்லாம் ஐ.பி.எல். போட்ட சோறு மாப்ள" என்றார். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று மும்பையில் 147 ரன்னைத் துரத்திய இந்தியா 121 ரன்னுக்குச் சுருண்டு, சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் மூன்று டெஸ்டுகளையும் இழந்தது. அப்போது அதே பெஞ்சில் உட்கார்ந்தபடி, "ஐ.பி.எல். நம்ம பசங்களைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிடுச்சு" என்று அவரே தீர்ப்பும் சொன்னார். நான்கு மாத இடைவெளியில் அவர் சொன்ன இரண்டுமே முழுப் பொய் அல்ல. எதை எதனோடு ஒப்பிடுவது என்ற கணக்கு மட்டும் அவரிடம் இல்லை. அந்தக் கணக்கை வீட்டிலிருந்தபடியே எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு ஓர் 80 பக்க நோட்டும், ஸ்கோர் அட்டையைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கமும் போதும்.

முதலில் கோப்பைகளை எண்ணுவதை நிறுத்திக்கொள்ளுங்கள். ஐ.பி.எல். என்ற டி20 லீக் தொடங்கியது 2008இல், இந்தியா முதல் டி20 உலகக் கோப்பையை வென்றதோ 2007 செப்டம்பரில், அதாவது லீக் என்ற ஒன்றே இல்லாதபோது. லீக் வந்த பிறகு 2009, 2010, 2012, 2014, 2016, 2021, 2022 என்று ஏழு உலகக் கோப்பைகள் கைநழுவி, எட்டாவதுதான் கிடைத்தது. இதை மட்டும் பார்ப்பவர் லீக்கால் கேடுதான் என்பார். ஆனால் அதே ஐ.பி.எல். காலத்தில்தான், 2013 முதல் 2024 வரை, இந்தியா சொந்த மண்ணில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர்களை வென்றது. 2018-19, 2020-21 ஆகிய இரு பயணங்களிலும் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே வீழ்த்தியது. டி20க்காக நடத்தும் லீக், டி20 கோப்பையைத் தராமல் டெஸ்ட் வெற்றியைத் தந்தது என்று யாரும் வாதிட மாட்டார்கள். ஒரு நாக் அவுட் ஆட்டம் இரண்டு ஓவர்களில் திசை மாறிவிடும். அந்த இரண்டு ஓவர்களை வைத்து பதினேழு ஆண்டுகளுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

கோப்பைக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது வேலையை. லீக்கில் ஓர் ஆட்டக்காரர் எந்த வேலையைச் செய்தார், நாட்டு அணியில் அவரிடம் எந்த வேலை ஒப்படைக்கப்பட்டது என்பதைப் பக்கத்தில் கோடு போட்டு இரண்டு பத்திகளாக எழுதுங்கள். மட்டையாளர் என்றால் எத்தனையாவது ஆளாக இறங்கினார், எந்த ஓவரில் இறங்கினார் என்று எழுத வேண்டும். பந்துவீச்சாளர் என்றால் எந்தெந்த ஓவர்களை வீசினார் என்று எழுத வேண்டும். மொத்த ரன், மொத்த விக்கெட், ஸ்டிரைக் ரேட் ஆகியவை எல்லா இடத்திலும் கிடைக்கும். அவற்றை எழுதி நோட்டை நிரப்ப வேண்டாம்.

பார்படோஸ் இறுதி ஆட்டத்தையே இப்படி எழுதிப் பாருங்கள். கடைசி 30 பந்துகளில் தென்னாப்பிரிக்காவுக்குத் தேவை 30 ரன். கிளாசன் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். 16ஆவது ஓவரை பும்ரா வீசி 4 ரன் தந்தார். 17ஆவது ஓவரில் ஹர்திக் பாண்டியா கிளாசனை வீழ்த்தி 4 ரன்னோடு முடித்தார். 18ஆவது ஓவர் மீண்டும் பும்ராவுக்கு: 2 ரன், யான்சனின் விக்கெட். 19ஆவது ஓவரை அர்ஷ்தீப் சிங் 4 ரன்னில் அடக்க, 16 ரன் தேவைப்பட்ட கடைசி ஓவரில் ஹர்திக் 8 ரன்தான் விட்டுக்கொடுத்தார். ஐந்து ஓவர்களில் 22 ரன். இந்தியா 7 ரன்னில் வென்றது. இப்போது லீக் வேலையை எழுதிய இடப்பக்கப் பத்திக்கு வாருங்கள். பும்ரா 2013 முதல் மும்பைக்காகவும், அர்ஷ்தீப் பல ஆண்டுகளாகப் பஞ்சாபுக்காகவும் டெத் ஓவர்கள் எனப்படும் கடைசி ஓவர்களில் செய்து வந்த அதே வேலை இது. மட்டையாளரின் காலடியில் விழ வேண்டிய, சில அடி தள்ளிப்போனால் சிக்சர் ஆகிவிடும் யார்க்கரை, முழு அரங்கமும் கத்தும்போது, ஈரப் பந்தைத் துடைத்துத் துடைத்து வீசிய ஓவர்கள் அவர்கள் கணக்கில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இரண்டு பத்திகளும் பொருந்தும் இடத்தில் லீக் நாட்டு அணிக்கு உழைத்திருக்கிறது என்று தயங்காமல் எழுதலாம்.

பொருந்தாத இடங்களையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். 2023இல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தது. ஆட்டத்தின் நடுவே ஒருவரை வெளியே எடுத்து இன்னொருவரை இறக்கலாம் என்பதால், ஆறாவது பந்துவீச்சாளராக ஓரிரண்டு ஓவர் போடும் மட்டையாளரின் தேவை குறைந்துபோனது. 2024இல் சிவம் துபே மட்டையால் மட்டுமே பயன்பட்டார், பந்து அவர் கைக்கு வருவதே அரிதாயிற்று. வாஷிங்டன் சுந்தருக்கோ ஆடும் வாய்ப்பே குறைவு. இவ்விருவர் பெயரையும் சொல்லி, இந்த விதி ஆல்ரவுண்டர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என்று அப்போது இந்தியக் கேப்டனாக இருந்த ரோகித் சர்மா வெளிப்படையாகவே பேசினார். உங்கள் நோட்டில் துபேயின் பெயருக்கு எதிரே, லீக்கில் வீசிய ஓவர்கள் என்ற இடம் ஏறக்குறைய வெற்றாகவே இருக்கும். நாட்டு அணிக்கோ நாலு ஓவர் வீசத் தெரிந்த மட்டையாளர்தான் வேண்டும். அந்த வெற்றிடம் ஒரு கேடுதான். ஆனால் அது லீக்கின் இயல்பிலேயே உள்ள கேடு அன்று, ஒரு விதியால் வந்தது. விதியை நீக்கினால் கேடும் நீங்கிவிடும் என்பதால், இரண்டையும் வேறு வேறு மையில் எழுதுவது என் பழக்கம்.

இந்த வேலைப் பொருத்தத்தின் அருமை எனக்கு எங்கள் வயற்காட்டில்தான் புரிந்தது. சம்பா அறுப்பு முடிந்த பிறகு, உளுந்து தெளிக்காத வயலாகப் பார்த்து, தாளை மழித்து, நடுவில் மட்டும் தண்ணீர் தெளித்து இடித்துக் கெட்டியாக்கி, டென்னிஸ் பந்துப் போட்டி நடத்துவது டெல்டாவில் ஊருக்கு ஊர் உண்டு. ஆட்டத்துக்கு எட்டு ஓவர். ஒருவர் இரண்டு ஓவர்தான் வீசலாம். பக்கத்து ஊர் அணி ஒன்று ஓராண்டு வெளியூரிலிருந்து நான்கு பேரைப் பணம் கொடுத்து அழைத்து வந்து முதல் பரிசைத் தட்டிச் சென்றது. அந்த நால்வரும் முதல் நான்கு இடங்களில் ஆடியதால், அந்த ஊர்ப் பையன்களில் நன்றாக ஆடக்கூடிய ஒருவனுக்குத் தொடர் முழுவதும் நான்கு பந்துகூடக் கிடைக்கவில்லை. ஸ்கோர் எழுதியவன் நான், எண்ணிப் பார்த்தேன். அதே தொடரில் இரண்டு ஓவர்களில் மூன்று விக்கெட் எடுத்து எல்லோரையும் அசத்திய வேறொரு பையன், பிறகு மாவட்ட லீக்கில் பாய் விரித்த ஆடுகளத்தில் கிரிக்கெட் பந்தோடு தன் எட்டாவது ஓவருக்கு வந்தபோது, கையும் இடுப்பும் ஓய்ந்து ஒரு மணி நேரம் எல்லைக் கோட்டருகே நின்றான். அவனுக்குத் திறமை குறைவில்லை. இரண்டு ஓவர்களுக்கு மேல் வீசும்படி எந்த ஆட்டமும் அதுவரை அவனைக் கேட்டதில்லை.

ஐ.பி.எல்.லில் ஓர் அணியில் நான்கு வெளிநாட்டவர்தான் ஆடலாம். ஆகவே ஏழு இந்தியர்கள் கட்டாயம். 2022 முதல் பத்து அணிகள் என்பதால் குறைந்தது எழுபது இந்தியர்கள் களத்தில் இருக்கிறார்கள். எண்ணிக்கை கேட்க நன்றாக இருக்கிறது. ஆயினும் அந்த நான்கு வெளிநாட்டவரை ஓர் அணி எந்த இடத்தில் வைக்கிறது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பல அணிகள் கடைசி ஓவர்களில் அடித்து முடிக்கும் வேலையையும், பவர்பிளே என்னும் முதல் ஆறு ஓவர்களில் வேகப்பந்து வீசும் வேலையையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, தொடக்க இடங்களை இந்தியர்களுக்கு ஒதுக்கின. அதனால்தான் தேர்வாளர்கள் கூடும்போதெல்லாம் தொடக்க ஆட்டக்காரர்கள் வரிசைகட்டி நிற்க, ஆறாவது இடத்துக்கு ஆள் தேட வேண்டியிருந்தது.

அடுத்த பக்கத்தில் தேதிகளை எழுதுங்கள். லீக் இறுதி ஆட்டத்துக்கும் நாட்டு அணியின் பெரிய போட்டிக்கும் நடுவே எத்தனை நாள் என்பதே கேள்வி. 2009இல் லீக் மே 24 அன்று தென்னாப்பிரிக்காவில் முடிந்தது. ஜூன் முதல் வாரத்தில் இங்கிலாந்தில் உலகக் கோப்பை. சூப்பர் எட்டு சுற்றில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. 2010இல் ஏப்ரல் 25 அன்று இறுதி, மே 1 அன்று மேற்கிந்தியத் தீவுகளில் முதல் ஆட்டம். அதே சுற்றில் மீண்டும் மூன்று தோல்விகள். 2021இல் அக்டோபர் 15 அன்று துபாயில் லீக் முடிய, 24 அன்று அதே துபாயில் பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் தோல்வி, அரையிறுதிக்கே போகவில்லை. 2023இல் மே 28 அன்று நடக்க வேண்டிய இறுதி மழையால் தள்ளிப்போய் 30 அதிகாலையில் முடிந்தது. ஜூன் 7 அன்று ஓவலில் தொடங்கிய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் 209 ரன் தோல்வி. இந்த நான்கு வரிகளை எழுதியவுடன் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஐந்தாவது வரியையும் எழுதுங்கள்: 2024இல் மே 26 அன்று லீக் முடிந்தது, ஜூன் 5 அன்று முதல் ஆட்டம், இடைவெளி பத்தே நாள், கோப்பை நம் கையில்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். 2024இல் எது மாறியிருந்தது? லீக் இறுதியில் ஆடிய கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய இரு அணிகளிலிருந்தும் உலகக் கோப்பைக்கான பதினைந்து பேரில் ஒருவர்கூட இல்லை. ரோகித், பும்ரா, ஹர்திக், சூர்யகுமார் நால்வரும் ஆடிய மும்பையோ பட்டியலில் கடைசி இடம். மும்பை ரசிகர்களுக்கு அது கெட்ட காலம், நாட்டு அணிக்கு அதுவே ஓய்வுக் காலம். 2023இலோ கில், ஷமி, ஜடேஜா, ரஹானே நால்வரும் லீக் இறுதியில் ஆடிவிட்டுத்தான் ஓவலுக்குப் போனார்கள். ஆகவே காலண்டர் இடைவெளியை மட்டும் எழுதாமல், ஒவ்வொருவரும் கடைசியாக லீக்கில் ஆடிய தேதியை எழுதுவதே சரி. அதிலும் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. அந்த ஓவல் டெஸ்டில், லீக் இறுதியிலிருந்து நேராக வந்த ரஹானே 89, 46 என்று அடித்தார். அந்த இரண்டு மாதமும் இங்கிலாந்திலேயே சசெக்ஸ் கவுன்டிக்காக நான்கு நாள் ஆட்டங்கள் ஆடித் தயாராக இருந்த புஜாரா 14, 27 என்று முடித்துக்கொண்டார். ஒரே ஆட்டத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் நோட்டில் இல்லை. இருந்தாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: மட்டையாளரைவிடப் பந்துவீச்சாளருக்கே இந்தக் குறுகிய இடைவெளி கெடுதல். நான்கு ஓவருக்குப் பழகிய உடலை ஒரு நாளில் இருபது ஓவருக்குத் தயார்ப்படுத்த ஒன்பது நாள் போதாது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது இருப்பு வரிசையை. முதல் பதினொருவரில் பாதிப் பேர் காயம்பட்டால் அணி என்ன ஆகிறது என்பதைக் கொண்டு அதை அளக்கலாம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் அது நடந்தது. அன்று இந்தியாவின் ஐந்து பந்துவீச்சாளர்களான சிராஜ், சைனி, தாக்கூர், நடராஜன், வாஷிங்டன் சுந்தர் ஆகியோர் அதுவரை ஆடிய டெஸ்டுகளை எல்லாம் கூட்டினாலும் நான்குதான் வரும். சேலத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் அந்தப் பயணத்துக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காகவே அழைத்துச் செல்லப்பட்டவர். டிசம்பர் 2 அன்று ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து டி20, ஜனவரி 15 அன்று டெஸ்ட் என்று மூன்று வடிவத்திலும் அதே பயணத்தில் அறிமுகமானார். 2016இல் தொடங்கிய தமிழ்நாட்டு டி20 லீக்கான டி.என்.பி.எல்.லில் யார்க்கர் வீசிக் கண்ணில் பட்டு, 2017 ஏலத்தில் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்தது. மாவட்டத்துப் பையன் ஒருவனைத் தேர்வாளர் கண்ணுக்குக் கொண்டுவருவதில் லீக்குக்கு நிகரான வாய்க்கால் முன்பு இருந்ததில்லை. பிரிஸ்பேன் வெற்றிக்கு அதுவே முழுக் காரணம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சிராஜும் நடராஜனும் மாநில அணிகள் நான்கு நாள் ஆட்டங்களில் மோதும் ரஞ்சியிலும் பந்து வீசி வந்தவர்கள். கண்டுபிடித்தது லீக் என்றால், நாள் முழுக்க வீசக் கற்பித்தது ரஞ்சி.

நம் மாநிலத்தையே ஒரு சிறு நாடாக வைத்தும் சோதித்துப் பார்க்கலாம். 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து சையது முஷ்டாக் அலி டி20 கோப்பையைத் தமிழ்நாடு வென்றது. இரண்டாவது இறுதியில் கர்நாடகத்துக்கு எதிராக ஷாருக் கான் கடைசிப் பந்தில் அடித்த சிக்சரை இங்கே யாரும் மறக்கவில்லை. டி.என்.பி.எல். தந்த பலன் என்று இதைச் சொல்லலாம், ஆனால் 2006-07இல் நடந்த முதல் மாநில டி20 போட்டியையும் தமிழ்நாடுதான் வென்றது என்பதை மறைக்காமல் பக்கத்திலேயே எழுத வேண்டும். ரஞ்சிக் கோப்பையோ 1954-55, 1987-88 ஆகிய இரண்டோடு நிற்கிறது. ஐ.பி.எல். வந்ததால் ரஞ்சி கைநழுவவில்லை, அதற்கு முன்னும் இருபது ஆண்டுகளாக வரவில்லை. லீக் வந்தும் அது வரவில்லை என்பதே இங்கே பதிய வேண்டிய செய்தி.

பணத்தைப் பற்றிய பக்கத்தைப் பலர் கோபத்தோடு எழுதுவார்கள். நான் பாசனக் கணக்காக எழுதுகிறேன். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. மேட்டூரில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கேட்பதோடு நம் விவசாயி நிறுத்திக்கொள்வதில்லை. கல்லணை தாண்டி, வெண்ணாறு தாண்டி, கடைமடைக்கு எப்போது வரும் என்றுதான் கேட்பார். இங்கே கடைமடை ரஞ்சி ஆட்டக்காரர்தான். 2021இல் உயர்த்தப்பட்ட ஊதியப்படி, இருபது ஆட்டங்களுக்குள் ஆடிய ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். நான்கு நாளுக்கு 1.6 லட்சம். ரஞ்சியின் லீக் சுற்றில் ஏழு ஆட்டங்களையும் ஆடினால் 11.2 லட்சம். 2025 பருவத்துக்கான ஐ.பி.எல். ஏலத்தில் குறைந்தபட்ச விலையே 30 லட்சம், அதுவும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும். இருபது வயதுப் பையன் எதற்குத் தன் கையைப் பழக்குவான் என்று கேட்க வேண்டியதே இல்லை. அதே சமயம், லீக் இல்லையென்றால் அந்த 40,000 ரூபாயும் வந்திருக்காது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் மதகை எவ்வளவு திறக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2024 மார்ச்சில் டெஸ்டுகளில் தொடர்ந்து ஆடுவோருக்கு ஓர் ஆட்டத்துக்கு 45 லட்சம் வரை கூடுதல் ஊக்கத்தொகையை அறிவித்ததும், 2025 ஜனவரியில் ரோகித்தும் கோலியும் ரஞ்சி ஆட வந்ததும் மதகைச் சற்றுத் திருகியதன் விளைவுகள்.

வெளிநாடுகளுக்கு நோட்டில் ஒரு பக்கம் போதும். தென்னாப்பிரிக்கா தன் லீக்குக்கு ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு, 2024 பிப்ரவரியில் நியூசிலாந்துக்குப் புதுமுகங்களை அனுப்பி இரண்டு டெஸ்டுகளையும் இழந்தது. அதே நாடு 2025 ஜூனில் லார்ட்ஸில் உலக டெஸ்ட் சாம்பியன் ஆனது. மேற்கிந்தியத் தீவுகள் 2012, 2016 டி20 உலகக் கோப்பைகளை வென்றது; ஊர் ஊராக லீக் ஆடப் போன அதன் ஆட்டக்காரர்களைச் சொந்த வாரியத்தால் பிடித்து வைக்க முடியாமல், 2023 ஒருநாள் உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. இந்தியாவுக்கு அந்த ஆபத்து இல்லை, ஏனெனில் நம் வாரியம் ஆடவர்களை வெளிநாட்டு லீக்குகளுக்கு அனுமதிப்பதில்லை. அதற்கும் ஒரு விலை உண்டு: 2022 அரையிறுதியில் அடிலெய்டில், ஆஸ்திரேலிய லீக்கில் ஆடிப் பழகிய ஹேல்ஸ் ஆட்டமிழக்காமல் 86 ரன் அடிக்க, இங்கிலாந்து விக்கெட் இழப்பின்றி இலக்கைத் தொட்டது.

இவ்வளவும் எழுதும்போது ஓர் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். பதினைந்து பேரின் பெயர், லீக்கில் கடைசியாக ஆடிய தேதி, வீசிய ஓவர்கள், இறங்கிய இடம், நாட்டு அணியில் தரப்போகும் வேலை ஆகியவற்றை நாட்டு அணியின் முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவே மையால் எழுதி முடித்துவிட வேண்டும். பொருத்தம் இருக்கிறதா இல்லையா என்ற உங்கள் கருத்தையும் அங்கேயே தேதியோடு எழுதுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு எழுதினால், வென்ற அணியில் எல்லாம் பொருந்தும், தோற்ற அணியில் எதுவுமே பொருந்தாது. மாமாவுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அவர் பெயரும், இரண்டாம் பக்கத்தில் டீக்கடை பாக்கியும் இருக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் பதினைந்து பெயர்களை எழுதி வைத்திருக்கிறார். பேனாவால் எழுதச் சொன்னால், ஆட்டம் முடியட்டும் என்கிறார்.